எம்.ஏ. பொருளியல்: ஊருக்குள் போகாத ஆய்வேடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.ஏ. பொருளியல் பாடத்திட்டத்தில் கணிதம் போதவில்லை என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மறுப்பதற்கில்லை. பிளஸ் டூவில் கணிதம் எடுக்காமல் வருகிற பிள்ளைகள் முதல் பருவத்திலேயே திணறுகிறார்கள். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத நினைப்பவருக்குக் கணிதம் இல்லாமல் ஆகாது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது, இரண்டாம் ஆண்டில் சமர்ப்பிக்கிற ஆய்வேடு.

வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகப் பல கல்லூரிகளுக்குப் போய் வந்தவன் நான். பெரும்பாலும் ஒரே தலைப்புதான்: “மகளிர் சுய உதவிக் குழுக்களின் பங்கு - ஓர் ஆய்வு”. மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறும். ஒரு மாணவரின் ஏட்டில் அட்டையில் ஒரு மாவட்டம், நான்காம் அத்தியாயத்தில் வேறொரு மாவட்டம். ஜெராக்ஸ் கடையில் பழைய கோப்பைத் திருத்தியபோது அந்த ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது. முடிவுரை எல்லா ஏட்டிலும் ஒன்றுதான்: பெண்களின் வாழ்க்கைத்தரம் உயர்ந்துள்ளது. அந்தப் பையனை மட்டும் சொல்லி என்ன செய்ய, வழிகாட்டியும் கையெழுத்துப் போட்டிருந்தாரே!

இத்தனைக்கும் நமக்கு நல்ல முன்னோடி உண்டு. 1915 இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களை ஆராய்ந்து எழுதி வரச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலாபுரம், பாலக்குறிச்சி எல்லாம் அப்படித்தான் 1918இல் ஸ்லேட்டர் பதிப்பித்த நூலில் ஏறின. 1930களில் பொருளியலாளர்கள் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். பின்னாளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இருவேல்பட்டுக்கும் தூசிக்கும் போனார்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தலைமுறை கடந்து ஒப்பிட முடிகிறது என்றால், அதற்கு விதை மாணவர்கள் போட்டது.

ஊருக்குள் போனால்தான் பாடப்புத்தகத்தில் இல்லாதது தெரியவரும். “ஏக்கருக்கு எத்தனை மூட்டை?” என்று கேட்டால் பதில் உடனே வரும். எந்த மூட்டை? அரசு கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். வியாபாரி எடுக்கிற மூட்டையின் கணக்கு வேறு. அதைக் கேட்காமல் எழுதினால் விளைச்சல் கணக்கு மொத்தமும் தப்பு. கூலி எவ்வளவு என்றால் ஒரு தொகை சொல்வார்கள். டீயும் வடையும் அதில் சேர்த்தியா, நேரம் எத்தனை மணி வரை என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். வருமானம் என்ன என்று நேராகக் கேட்டால் மழுப்புகிறவர், நகை எந்த வங்கியில் இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் கடன் கதை முழுவதையும் சொல்லிவிடுவார். குத்தகைக்குப் பெரும்பாலும் காகிதமே இராது. இதையெல்லாம் தெரிந்துகொண்டவனுக்குத்தான் மத்திய அரசு வீடுகளில் விசாரித்து எடுக்கிற தேசிய மாதிரி ஆய்வின் அட்டவணையைப் படிக்கும்போது எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று புரியும்.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது எளிது. ஒவ்வொரு மாணவரும் சொந்த ஊரில் முப்பது வீடுகளை ஒரே வினாப்பட்டியல் கொண்டு கணக்கெடுக்கட்டும். பூர்த்தி செய்த படிவங்கள், பெயர்களை நீக்கிவிட்டு, துறை நூலகத்தில் இருக்கட்டும். ஐந்தாண்டு கழித்து வருகிற மாணவர் அதே ஊருக்குப் போகட்டும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஏதாவது ஒரு படிவத்தை உருவி, “இந்த வீட்டைப் பற்றிச் சொல்லு” என்று கேட்டால் போதும். ஜெராக்ஸ் கடையில் அதற்குப் பதில் கிடைக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்,
திருவண்ணாமலை.