ஸ்டாட்டின்: இலக்கைச் சீட்டில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளுக்கான வழிகாட்டுதல்கள் மாறும்போது, அவற்றை ஆண்டுக்கணக்கில் விழுங்கி வருபவர்களுக்கு யாரும் விளக்குவதில்லை. 2013-இல் அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்க இதயவியல் கல்லூரியும் வெளியிட்ட வழிகாட்டுதல், எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பை இன்ன எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பழைய இலக்கைக் கைவிட்டு, இதய நோய் இல்லாதவர்களுக்கு அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு 7.5 விழுக்காட்டை எட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னது. 2018-இல் அதே அமைப்புகள், மிக அதிக ஆபத்துள்ள இதய நோயாளிகளுக்கு எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராம் என்ற எல்லையைத் திரும்பக் கொண்டுவந்தன. மறு ஆண்டே ஐரோப்பிய இதயவியல் சங்கம் அத்தகையோருக்கு 55-க்குக் கீழ் என்றது.

எனது பரிசோதனைத் தாளிலோ, எல்லோருக்கும் பொதுவாக, '100-க்குக் கீழ்' என்ற ஒரே வரிதான் அச்சாகி வருகிறது. 92 வந்த மகிழ்ச்சியில் நான் மாத்திரையை நிறுத்திவிட்டேன். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவனுக்கு 92 அதிகம் என்பதை இரண்டு மாதம் கழித்துத்தான் அறிந்தேன். (படித்தவர் செய்கிற வேலையா என்று மருத்துவர் கேட்கவில்லை, அவர் முகம் கேட்டது.) ஸ்டாட்டின் அளவை இருமடங்காக்கினாலும் எல்.டி.எல். மேலும் சுமார் 6 விழுக்காடே குறையும் என்பதால்தான் எசெடிமைப் போன்ற இன்னொரு மருந்தைச் சேர்க்கிறார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

நோயாளிக்கு உரிய இலக்கையும், மருந்து தொடங்கிய 4 முதல் 12 வாரங்களுக்குள் செய்ய வேண்டிய மறுபரிசோதனைத் தேதியையும் மருந்துச் சீட்டிலேயே மருத்துவர்கள் எழுதித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்