கடல் விட்டுப்போன ஊர்

அன்புள்ள சேது,

எட்டு மாதமாக நான் வாய்மூடி இருந்ததற்கு நீ சேர்த்து வைத்திருக்கும் வசவுகளை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம், சீனுவின் முழங்கால் உட்பட. இப்போது எழுத வைத்தது மிலேட்டஸ் என்ற பழைய கிரேக்க நகரம். போன மாதம் துருக்கி சென்றபோது ஒரு பகல் முழுவதும் அங்கே திரிந்தேன்.

பவுல் எபேசு மூப்பர்களிடம் விடைபெற்றுக் கப்பலேறிய மிலேத்து என்று பைபிள் வகுப்பில் கேட்டோமே, அதே ஊர்தான். கப்பலேறிய இடமென்றால் கடலை எதிர்பார்ப்பது தவறா? பழைய அரங்கின் மேல்படியில் நின்று பார்த்தேன், எங்கும் பருத்திக்காடு. மியாண்டர் ஆறு நூற்றாண்டுக் கணக்கில் கொண்டுவந்து கொட்டிய வண்டல், நான்கு துறைமுகங்களையும் மூடிவிட்டுக் கடலை ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தள்ளிவிட்டது. எல்லாம் நீரிலிருந்தே தோன்றியது என்ற கிரேக்கத் தத்துவஞானி தேலீஸ் பிறந்த ஊரில் நீரைத் தேட வேண்டியிருக்கிறது. சிரித்துக்கொள்.

ஆனால் அந்தக் காட்டு நடுவே தெரிந்த சிறு குன்றுதான் லாடே என்று அறிந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அது அன்று தீவு. கி.மு. 494-இல் அதனருகே பாரசீகக் கடற்படையை எதிர்க்க, பாரசீக ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த அயோனிய நகரங்களின், அதாவது இந்தக் கரையிலும் தீவுகளிலும் இருந்த கிரேக்க ஊர்களின், 353 கப்பல்கள் திரண்டு நின்றன. போர் தொடங்கியதும் அவற்றுள் சாமோஸ் தீவின் 60 கப்பல்களில் 49 பாய்விரித்து ஊரைப் பார்த்துத் திரும்பிவிட்டன. மிலேட்டஸ் வீழ்ந்தது. ஆண்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளும் அடிமைகளாயினர்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் 20 கப்பல்களை அந்தக் கிளர்ச்சிக்கு உதவியாக அனுப்பி, ஒரு தோல்வி கண்டதும் திருப்பி அழைத்துக்கொண்டிருந்தது. அதே ஏதென்ஸில் பிரினிகஸ் என்பவர் மிலேட்டஸின் வீழ்ச்சியை நாடகமாக்கியபோது அரங்கமே அழுததாம். பிறகு, தங்கள் துயரத்தைத் தங்களுக்கே நினைவூட்டினார் என்று அவருக்கு 1000 திராக்மா அபராதம் விதித்து, அந்த நாடகத்தை இனி யாரும் போடக்கூடாதென்றும் தடுத்துவிட்டார்கள். அழுத கண் காயும் முன்னே அபராதம்! இதை ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன். உன் அப்பா படுத்திருந்தபோது இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, அப்புறம் நின்றுவிட்டவன் நான். அதை நீ இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உன்மேல்தான் கோபப்பட்டிருப்பேன்.

எரிந்த மிலேட்டஸ் மீண்டும் எழுந்தது, குறுக்கும் நெடுக்குமாக நேர்த் தெருக்களோடு. அந்தச் செழிப்பின் சந்தை வாயில் பெர்லினுக்குப் போய்விட்டது, நம் சிலைகள் போகிற மாதிரி. துறைமுக வாயிலைக் காத்த பளிங்குச் சிங்கத்தை மட்டும் அங்கேயே சேற்றில் பார்த்தேன். முகம் தேய்ந்திருந்தது, சுற்றிலும் தவளைச் சத்தம்.

படம் இணைத்துள்ளேன். மாமியிடம் சொல், அடுத்த ஞாயிறு வருகிறேன்.

உன்,
ராகவன்