பாப்பாவுக்கு, அந்தக் கழுகுத் தூணைப் பற்றி

பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பேரனுக்குச் சளி விட்டதா?

போன ஞாயிற்றுக்கிழமை போனில் வழக்கம்போல அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். "எப்போதான் திரும்பி வரப்போறீங்க?" நீ ஒன்றும் சொல்லவில்லை. உன் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. அப்புறம் "வைக்கிறேம்ப்பா" என்றாய். பதினோரு வருஷமாக நான் கேட்பதும் நீ மழுப்புவதும் பழகிப்போன விஷயம்தான். இந்தத் தடவை நீ மழுப்பக்கூட இல்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது. போனில் பேசினால் சுற்றிச் சுற்றி மறுபடி அங்கேதான் வந்து நிற்பேன். அதனால் எழுதுகிறேன்.

லண்டனில் உங்கள் வீட்டுப் பக்கம் வெஸ்டர்ன் அவென்யூ ஓரத்தில் ஒரு கல்தூண் இருக்கிறதே, உச்சியில் வெண்கலக் கழுகு இறக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அது ஞாபகம் இருக்கிறதா? நான் அங்கே இருந்த மூன்று மாதமும், நீ ஆபீஸ் கிளம்பியபிறகு அங்கே போய்த்தான் உட்கார்ந்திருப்பேன். "குளிர்ல அங்க என்னப்பா இருக்கு" என்று திட்டுவாய். பெயர்கள் இருந்தன. வரிசை வரிசையாக, வாயில் நுழையாத பெயர்கள். மாப்பிள்ளையைக் கேட்டதற்கு, "போலந்து பைலட்டுங்க மாமா, ரெண்டாம் உலகப்போர்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். ஊருக்கு வந்தபிறகும் அது என்னை விடவில்லை. லைப்ரரியிலும், பேரன் பழக்கிவிட்ட டேப்லெட்டிலும் தேடித் தேடிப் படித்தேன்.

அந்தத் தூணில் இருப்பவர்கள் போரில் செத்தவர்கள். நான் படித்துப் படித்து மாட்டிக்கொண்டதோ பெயர் அதில் இல்லாத ஒரு மனுஷனிடம். விட்டோல்ட் உர்பனோவிச்.

1908இல் பிறந்தவர். டெம்ப்ளின் என்ற ஊரிலிருந்த விமானப்படைப் பள்ளியில் வாத்தியாராக இருந்தார். 1939 செப்டம்பரில் மேற்கே ஹிட்லரும் கிழக்கே ஸ்டாலினும் போலந்தைப் பங்குபோட்டுக்கொண்டபோது, தன்னிடம் படித்த பையன்களை எல்லை தாண்டி ருமேனியாவில் கொண்டுபோய் விட்டார். விட்டுவிட்டுச் சண்டைபோட மறுபடி நாட்டுக்குள்ளேயே போனார்! ரஷ்யர்கள் பிடித்தார்கள். அன்றைக்கே தப்பித்துவிட்டார். அப்புறம் பிரான்ஸ், அங்கிருந்து இங்கிலாந்து. இவரைப் போல ஆயிரக்கணக்கானவர்கள். போகிற நாடெல்லாம் விழ விழ, அடுத்த நாட்டுக்கு ஓடினார்கள். கடைசியில் மிச்சம் இருந்தது அந்தத் தீவுதான்.

இனி நான் சொல்வது உனக்கு அலுப்பாக இருக்கலாம். முப்பது வருஷம் டிப்போவில் பஸ் எஞ்சினுக்கு அடியில் கிடந்தவனுக்கு இதுதான் தேன்.

போலந்தில் அவர்கள் ஓட்டிய விமானத்தில் சக்கரம் இறக்கினபடியே இருக்கும், மடங்காது. இங்கிலாந்தில் கொடுத்த ஹரிக்கேன் போர் விமானத்தில் சக்கரத்தை உள்ளே மடக்க வேண்டும், இறங்கும்போது மறக்காமல் வெளியே விட வேண்டும். பல வருஷம் பறந்தவர்கள்கூட மறந்துபோய் வயிற்றாலேயே தரையில் தேய்த்துக்கொண்டு இறங்கினார்கள். வேகம் கிலோமீட்டரில் இல்லை, மைலில். உயரம் அடியில். எல்லாவற்றையும்விட மோசம் த்ராட்டில். அவர்கள் பழகிய விமானங்களில் பின்னால் இழுத்தால் வேகம் கூடும். இதில் முன்னால் தள்ளினால்தான் கூடும். கிளட்சையும் பிரேக்கையும் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவைத்துவிட்டு, காலையில் நம் டிரைவரிடம் வண்டியைக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டத்தோடு எடுத்துக்கொண்டு போ என்றால் எப்படி இருக்கும்? கைப்பழக்கம் மூளைக்கு முன்னால் ஓடும், பாப்பா. அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

இதில் பாஷை வேறு. ரேடியோவில் இங்கிலீஷில் வரும் உத்தரவு புரிய வேண்டும் என்று, அக்ஸ்ப்ரிட்ஜில் ஒரு மைதானத்தில் பெரிய மூன்று சக்கர சைக்கிள்களில் ரேடியோவும் திசைகாட்டியும் மாட்டி, அவர்களை அணிவகுத்து மிதிக்க வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்தியவர்கள், ஆகஸ்ட் வெயிலில் சைக்கிள் மிதிக்கிறார்கள். எவ்வளவு கடுப்பாக இருந்திருக்கும்!

நார்த்தோல்ட் விமானத் தளத்தில் இந்தப் போலந்துக்காரர்களின் விமானப் பிரிவு, 303ஆம் ஸ்குவாட்ரன், ஆரம்பித்தது 1940 ஆகஸ்ட் 2. பயிற்சி முடியவில்லை என்று சண்டைக்கு விடவே இல்லை. ஆகஸ்ட் 30 அன்று பயிற்சிக்குப் பறந்தபோது பாஷ்கியேவிச் என்பவர் ஜெர்மன் விமானங்களைப் பார்த்து ரேடியோவில் சொன்னார். பதில் வரவில்லை. வரிசையை விட்டுப் பிரிந்துபோய் ஒன்றை வீழ்த்திவிட்டு வந்தார். உத்தரவை மீறியதற்குத் திட்டு, வீழ்த்தியதற்குப் பாராட்டு. மறுநாளே ஸ்குவாட்ரன் களத்தில் இறங்கிவிட்டது. ஆங்கிலேய பைலட்டுகள் பலர் தூரத்திலிருந்தே சுட ஆரம்பிப்பார்களாம். இவர்கள் எதிரி விமானம் முன்கண்ணாடி முழுக்க நிறையும் வரை நெருங்கி, அப்புறம்தான் சுடுவார்கள். ஆறு வாரத்தில் 126 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. பிற்பாடு ஜெர்மன் பதிவேடுகளோடு வைத்துப் பார்த்தவர்கள் அதில் பாதிகூடத் தேறாது என்கிறார்கள். இருக்கலாம், அந்த அவசரத்தில் எல்லாரும் கூட்டித்தான் எழுதினார்கள். பாதியாகக் குறைத்தாலும் சாதாரணமா?

செப்டம்பர் 6ஆம் தேதி அவர்கள் தலைவர் க்ரஸ்னோடெம்ப்ஸ்கியின் விமானம் தீப்பிடித்து, உடம்பெல்லாம் வெந்து பாராசூட்டில் இறங்கினார். அவர் இடத்தில் பொறுப்புக்கு வந்தவர்தான் உர்பனோவிச். செப்டம்பர் 27 ஒரே நாளில் நான்கு விமானங்களை வீழ்த்தினார். அதே நாளில் பாஷ்கியேவிச் செத்துப்போனார். உர்பனோவிச் அப்புறம் சீனாவுக்குப் போய் அமெரிக்கர்களோடு சேர்ந்து ஜப்பானியர்களுடனும் சண்டை போட்டிருக்கிறார். அது தனிக்கதை, இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஜெயித்தார்கள், சரி. வீடு இல்லாமல் போனது அதற்கப்புறம்தான். 1945இல் யால்டாவில் மூன்று பெரிய தலைவர்கள் உட்கார்ந்து பேசி முடித்ததில் போலந்து ஸ்டாலின் கைக்குப் போனது. அந்த ஜூலையில் லண்டன் தன் மண்ணில் இருந்த போலந்து அரசாங்கத்தைக் கைவிட்டு, வார்சாவில் இருந்ததை அங்கீகரித்தது. 1946 ஜூன் 8 லண்டனில் வெற்றி ஊர்வலம். பிரிட்டனுக்குக் கீழே சண்டைபோட்ட போலந்துப் படைக்கு அழைப்பில்லை. 25 விமானப்படைக்காரர்களை மட்டும் வரலாம் என்றார்கள். மற்றவர்களை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் எப்படி என்று அவர்களும் போகவில்லை. எனக்கு இந்த இடத்தில் டேப்லெட்டைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

உர்பனோவிச் அதே வருஷம் ஊர் திரும்பினார். உளவாளி என்று சந்தேகப்பட்டு, திரும்பத் திரும்பக் கைது செய்தார்கள். வெளியே விட்டதும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அங்கே விமானக் கம்பெனிகளில் வேலை. மறுபடி போலந்து மண்ணை மிதித்தது 1991இல், எண்பது வயதுக்கு மேல். 1995இல் ஜெனரல் பதவி கொடுத்தார்கள். 1996இல் நியூயார்க்கில் இறந்தார்.

ஸ்கால்ஸ்கி என்று இன்னொருவர். போரின் முதல் நாள் சுடப்பட்டு விழுந்த ஒரு ஜெர்மன் விமானத்துக்குப் பக்கத்தில் தன் விமானத்தை இறக்கி, அடிபட்ட எதிரிகளுக்குக் கட்டுப் போட்டவர். 1947இல் ஊருக்குத் திரும்பினார். மகன் முழுசாக வந்து சேர்ந்தான் என்று அந்த அம்மா எத்தனை சாமிக்கு நேர்ந்துகொண்டிருப்பாளோ! மறு வருஷமே கைது. 1950இல் மரண தண்டனை. அந்த அம்மாதான் கருணை மனுப் போட்டாள். தண்டனை ஆயுளாகக் குறைந்து, 1956இல் வெளியே வந்தார்.

வெந்துபோன க்ரஸ்னோடெம்ப்ஸ்கி திரும்பவே இல்லை. தென்னாப்பிரிக்கா, அப்புறம் கனடா. அங்கேயே முடிந்துபோனார்.

உன் கதை வேறு என்று எனக்குத் தெரியாதா? நீ வந்து இறங்கினால் யாரும் பிடித்து உள்ளே வைக்கப்போவதில்லை. மிஞ்சிப்போனால் உன் பெரியத்தை விசாரணை நடத்துவாள். ஆனாலும் இந்த மூன்று பேரையும் படித்தபிறகு என் கேள்வி எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏதோ நீ வைத்துவிட்டுப் போன இடத்தில் வைத்தபடி இங்கே எல்லாம் இருக்கிற மாதிரி நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நீ படித்த தெருவில் பாதி வீடு இன்று இல்லை. உன் கையும் அங்கே வேறு த்ராட்டிலுக்குப் பழகிவிட்டது. இதை நான் அல்லவா முதலில் புரிந்துகொண்டிருக்க வேண்டும், நான்தானே மெக்கானிக்!

ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. உன் பழைய சைக்கிளை மாதம் ஒரு தடவை துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்துவைக்கிறேன். பதினோரு வருஷமாக. இரண்டு தடவை டியூபும் மாற்றியிருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியும், ஒன்றும் சொல்லமாட்டாள். எதிர்வீட்டுப் பெண் இந்த வருஷம் ஒன்பதாவது, பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறாள். அவளுக்குக் கொடுத்துவிடட்டுமா? நீ சரி என்றால்தான்.

நேரம் கிடைத்தால் பேரனைக் கூட்டிக்கொண்டு அந்தத் தூண் பக்கம் போ. பாஷ்கியேவிச் பெயர் எங்கே இருக்கிறது என்று அவனைத் தேடச் சொல். கண்டுபிடித்தால் ஒரு போட்டோ அனுப்பு. குல்லா போட்டுக் கூட்டிப் போ, சளி இப்போதுதான் விட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டேன். அம்மா கேட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
அப்பா