தாமிரபரணியைக் காக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தாமிரபரணியில் ஞாயிறுதோறும் துப்புரவுப் பணிக்கு இறங்கும் ஊர்க்காரர்களின் சார்பில் இதை எழுதுகிறேன். எங்கள் படித்துறையில் சென்ற மாதம் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். படங்களுடன் அன்றே தகவல் அனுப்பியிருந்தோம். ஆற்றிலிருந்து எடுத்துக் கரையில் குவித்த துணிகளை ஏற்றிச் செல்ல வருவதாகச் சொன்ன வண்டி அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அதற்குள் அணையில் தண்ணீர் திறந்துவிடப்பட்டதால் குவியலில் பெரும்பகுதி மீண்டும் ஆற்றோடு போய்விட்டது.

அந்தத் துணிகளை எடுப்பது எத்தனை பாடு என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பரிகாரம் என்று எண்ணி, உடுத்திய துணியை ஆற்றில் விட்டுச் செல்லும் வழக்கம் பாபநாசம் தொடங்கிப் பல படித்துறைகளில் இருக்கிறது. பருத்தி வேட்டியானால் நாளடைவில் மட்கிவிடும். இப்போது எங்கள் கைக்கு வருபவை பெரும்பாலும் பாலியஸ்டர் சேலைகள். அவை மணலுக்குள் புதைந்து, மருத மரத்தின் வேர்களிலும் பாறை இடுக்குகளிலும் சுற்றிக்கொள்கின்றன. நுனியைப் பிடித்து இழுத்தால் வராது. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் காலால் மணலைக் கிளற, இன்னொருவர் மூச்சடக்கி மூழ்கி, வேரில் இறுகிய முடிச்சை அரிவாளால் அறுக்க வேண்டும். மணல் ஏறிக் கனத்த ஒரு சேலையைக் கரையேற்ற இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். குளிக்க வருபவர் காலில் அது சிக்கினால் உயிருக்கே ஆபத்து. ஊர்களுக்குக் குடிநீர் தரும் உறைகிணறுகளும் இந்த ஆற்று மணலில்தான் இருக்கின்றன.

எனவே நாங்கள் கேட்பது ஒன்றே: எடுத்த கழிவை எடுத்த அன்றே அகற்றுங்கள்.

இதைக்கூடக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருப்பது எங்களுக்கு வேதனையாக இருக்கிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை எட்டு அணைக்கட்டுகளின் வழியே வயல்களையும் குளங்களையும் நிரப்பும் இந்த ஆற்றில், கரையோர ஊர்களின் சாக்கடை இன்றும் கலக்கிறது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. 2010இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டுத் தடை விதித்த பிறகே இங்கு மணல் அள்ளுவதற்குக் கடிவாளம் விழுந்தது. அதற்கும் மக்கள்தான் வழக்காட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஊரார் திரண்டு வந்து கேட்ட பிறகுதான் ஆற்றின் நினைவு வரும் என்றால், சம்பளமும் அதிகாரமும் வண்டியும் தந்து துறைகளை வைத்திருப்பது எதற்காக? சேர்வலாறு, மணிமுத்தாறு, சிற்றாறு என்று துணையாறுகள் கொண்டுவரும் தண்ணீரும் இதில்தான் சேர்கிறது. மலையில் காட்டைக் காத்து, கீழே சாக்கடையை விட்டால் நீர்ப்பிடிப்பைக் காத்ததாக எப்படிச் சொல்ல முடியும்?

வருத்தத்தில் சொற்கள் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். சாக்கடை வாய்களை அடைப்பதற்குத் திட்டமும் நிதியும் காலமும் வேண்டும் என்பதை நாங்கள் அறிவோம். எந்த வாய் எப்போது அடைபடும் என்ற அட்டவணையை மட்டும் ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டச் செய்யுங்கள். துணி விடுவதைத் தடுக்கப் படித்துறைகளில் சேகரிப்புத் தொட்டி வைத்து, அது நிரம்பும் முன் காலி செய்ய ஆள் அமர்த்துங்கள். பக்தர்களிடம் எடுத்துச் சொல்லும் வேலையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இவற்றுக்கெல்லாம் நாளாகும் என்றாலும், எடுத்த கழிவை எடுத்த அன்றே அகற்றுவதற்கு ஒரு வண்டியும் ஓர் ஓட்டுநரும் போதும். வரும் ஞாயிறு காலையிலும் ஆற்றில் இறங்குகிறோம். நண்பகலுக்குள் வண்டியை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏற்றிவிடும் வேலையை நாங்களே செய்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கரையோர ஊர்க்காரர்களுள் ஒருவன்