கரும்புகை கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த நீராவி ரயில் புகைப்படப் போட்டி முடிவுகளைப் பார்த்தேன். முதல் பரிசுப் படம் கண்ணைப் பறிக்கிறது, மறுக்கவில்லை. பாதி வானத்தை அடைத்துக்கொண்டு கன்னங்கரேலென்று புகை, அதற்குக் கீழே எங்கேயோ ஓர் இன்ஜின். முழு வேகம், முழு பலம் என்று நடுவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். போதாததற்குப் பக்கத்திலேயே வந்த குறிப்புக் கட்டுரை, கிளம்பும்முன் டிரைவரிடம் கொஞ்சம் புகை விடச் சொல்லிக் கேளுங்கள் என்று யோசனை வேறு சொல்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

கரும்புகை என்பது எரியாமல் வீணாய்ப் போகும் கரி. ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் கரியைக் கொட்டினாலோ, காற்று போதாவிட்டாலோ அடுப்பு திணறும், அந்தத் திணறல்தான் புகைபோக்கி வழியே கறுப்பாக வெளியேறுகிறது. வெள்ளையாகப் பொங்குவது வேறு சங்கதி. சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே மேலே பாய்கிறது. போகிற போக்கில் அடுப்பின் காற்றையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் இன்ஜின் கடினமாக உழைக்க உழைக்க நெருப்பும் கனன்று எரிகிறது. அசல் நீராவி கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த காற்றில் பட்டு நுண்துளிகளாக மாறும்போதுதான் நம் கண்ணுக்கு மேகமாகத் தெரிகிறது. உங்கள் இதழில் மூன்று படங்களின் கீழே இந்த வெள்ளையையும் ‘புகை’ என்றே போட்டிருக்கிறீர்கள். சரி, பேச்சு வழக்கில் எல்லோரும் சொல்வதுதான், விட்டுவிடலாம்.

நானும் ஒரு காலத்தில் புகை கேட்டவன்தான். ஆர்வலர்கள் நடத்தும் பழைய பாதை ஒன்றில், பிளாட்பார முனையில் நின்றுகொண்டு, ரயில் கிளம்பும் நேரம் பார்த்து, இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனுக்குச் சைகை காட்டினேன்: மேலே, மேலே, இன்னும் நிறைய. அவர் சிரித்துக்கொண்டே நாலைந்து முறை சேர்த்தாற்போல் கரியை வாரி உள்ளே போட்டார். கேட்டது கிடைத்தது. காற்று என் பக்கம் வீசியதுதான் கணக்கில் வராதது. லென்ஸ் கண்ணாடியில் மிளகுப் பொடி தூவினாற்போல் கரித்தூள், சட்டைக் காலரில் இரண்டு சலவைக்கும் போகாத கறை. வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் இன்ஜினின் முகமே இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. மாலையில் ரயில் திரும்பி நின்றதும் அந்த ஃபயர்மேனே கூப்பிட்டு, மேலே ஏற்றி, அடுப்புக் கதவைத் திறந்து காட்டினார். தட்டு முழுக்கப் பரவிய தணல், கண் கூசும் வெளிச்சம். தணல் எங்கே மெலிந்திருக்கிறதோ அந்த இடத்துக்குக் குறி பார்த்து ஒரே ஒரு முறை கரியை வீசினார். கதவைப் பாதி சாத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டிப் புகைபோக்கியைப் பார்த்தார். லேசாகச் சாம்பல் நிறம் எழுந்து, பத்து எண்ணுவதற்குள் தெளிந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுவதுதான் தொழில் என்றார். காலையில் நீங்கள் படம் எடுத்தது நான் அள்ளிய கரியை, அது வேலையே செய்யாமல் வெளியே போய்விட்டது என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் இத்தனை நாள் நினைவில் நின்றிருக்காது.

இந்த ரயில்களின் பின்னால் இருக்கும் பாடு தெரிந்தால் யாருக்கும் புகை கேட்க வாய் வராது. வேல்ஸில் ‘டாலிலின்’ என்ற ரயில்பாதையை 1951-இல் தன்னார்வலர்கள் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். உலகிலேயே அப்படிக் காப்பாற்றப்பட்ட முதல் ரயில்பாதை அதுதான். பிரிட்டனின் தேசிய ரயில்வே 1968-இல் நீராவியைக் கைவிட்டது. பிறகு பாரி என்ற ஊரின் காயலான் கடையிலிருந்து மட்டும் துருப்பிடித்த 213 இன்ஜின்களை ஆர்வலர்கள் மீட்டார்கள். பிரிட்டனில் இத்தகைய இன்ஜின்களின் பாய்லரைப் பொதுவாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை முழுக்கப் பிரித்துச் சீர் செய்ய வேண்டும். கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் நல்ல கரி கிடைப்பதே பெரும்பாடு. இதில் கரும்புகை கிளப்பினால் பாய்லர் குழாய்களில் புகைக்கரி படியும், அதைச் சுத்தம் செய்வதும் சம்பளம் வாங்காத அதே மனிதர்கள்தான்.

‘முழு வேகம்’ பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் ஆர்வலர்கள் நடத்தும் இத்தகைய பாதைகளில் பெரும்பாலானவற்றில் வேக வரம்பு மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர். ஷட்டரை 1/500 நொடியில் வைத்தாலே ரயில் உறைந்துவிடும். மாறாக 1/30-க்கு இறக்கி, ரயிலோடு சேர்ந்து கேமராவைத் திருப்பிப் பாருங்கள். உடல் தெளிவாக நிற்க, சக்கரங்களும் அவற்றை இணைக்கும் தண்டுகளும் சுழற்சியில் கரையும். பத்தில் எட்டு வீணாகும், மீதி இரண்டுக்குப் புகையே தேவைப்படாது.

பிரம்மாண்டமான வெண்மேகம்தான் வேண்டும் என்றால் ஃபயர்மேனைக் கேட்காமல் காலண்டரைக் கேட்க வேண்டும். வெயில் காலத்து நண்பகலில் நீராவி புகைபோக்கியைத் தாண்டியதும் காணாமல் போகும். குளிர்ந்த, ஈரமான காலையில் அதே இன்ஜின் ரயிலின் நீளத்துக்கு வெள்ளை வாலை இழுத்துக்கொண்டு போகும். ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலையின் பிராக்கன் உச்சிக்கு, 1,125 மீட்டர் உயரத்துக்கு, ஏறும் ரயிலைப் பனிக்காலத்தில் படமெடுக்கக் கூட்டம் கூடுவது சும்மா இல்லை. குளிர்காலச் சூரியன் தாழ்வாக இருப்பதால் வெளிச்சம் சக்கரங்களுக்குள்ளும் புகுகிறது. உச்சி வெயிலில் அந்த இடம் வெறும் கறுப்புக் குழி. கறுப்பு இன்ஜினைப் பார்த்துக் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நீராவி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஆகையால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.

இரவும் இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955-இலிருந்து சில ஆண்டுகள், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதையின் கடைசி நீராவி ரயில்களை ஃபிளாஷ் பல்புகளை வரிசையாகக் கட்டி இரவில் எடுத்தார். இருட்டில் கரும்புகைக்கு மதிப்பே கிடையாது, வெள்ளை நீராவி மட்டுமே ஒளிரும்.

கட்டுரை சொல்லாமல் விட்ட ஒன்று: இன்ஜின் எந்தப் பக்கம் இருக்கும் என்று முதலில் விசாரியுங்கள். நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். வளைவில் காத்திருப்பவருக்கு முதலில் வருவது பெட்டிதான், அதன் முகப்பில் கொடியோடு ஒரு பிரேக்ஸ்மேன். தெரியாமல் போய் நின்று ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். உண்மையில் அந்தப் பிரேக்ஸ்மேனை முன்னால் வைத்து எடுத்த படம் ஒன்றுகூட உங்கள் போட்டிக்கு வரவில்லையே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

தண்டவாளத்துக்குள் இறங்கி எடுப்பதைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. 2016 பிப்ரவரியில் ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ என்ற புகழ்பெற்ற நீராவி இன்ஜின் புதுப்பிக்கப்பட்டு லண்டனிலிருந்து யார்க் நகருக்கு ஓடியபோது, படம் எடுக்க வந்தவர்கள் பாதைக்குள் புகுந்ததால் அந்த ரயிலே தாமதமானது. பரிசு பெற்ற படங்களில் இரண்டு எந்த இடத்தில் நின்று எடுக்கப்பட்டவை என்று நடுவர்கள் கேட்டார்களா?

அடுத்த போட்டி அறிவிப்பு வருவதற்குள் அந்த யோசனைக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கூடவே, நெருப்பின் முன்னால் நிற்பவர்களுக்கென்று ஒரு பிரிவு வைத்தால் நானும் ஒரு படம் அனுப்புவேன். ஒரு ஃபயர்மேன் புகைபோக்கியை அண்ணாந்து பார்க்கிறார், மேலே வானம் சுத்தமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்