ரோட்டுக்கு அங்கால ஒரு ருசி, இங்கால ஒரு ருசி

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லாரும் சுகம். மாரி பிடிச்சிட்டுது, உப்புவெளியில கரண்ட் வாறதும் போறதுமாக் கிடக்கு. தங்கச்சியின்ர மூத்தவள் கம்பசுக்கு எடுபட்டிட்டாள்.

பிரான்சில பர்கண்டியில வைன் செய்யிற முந்திரிகைப் பழம் (திராட்சை) ஆயப் போன இடத்தில, ரோட்டுக்கு அங்கால வைன் ஒரு ருசி, இங்கால ஒரு ருசி, எல்லாம் மண்தான் எண்டு முதலாளி சொன்னதா எழுதியிருந்தாய். விவசாயப் போதனாசிரியரா இருந்தவனிட்ட இதைக் கேட்டா சும்மா விடுவனோ?

ஆள் சொன்னது பாதி சரி. சுண்ணாம்புக் கல்லின்ர ருசி வேரால ஏறிக் கிளாசுக்குள்ள வருதெண்டது கட்டுக்கதை. கல் செய்யிற முக்கிய வேலை தண்ணியை வடியவிடுறதும் தேக்கி வைக்கிறதும்தான். மற்றது, அந்த வேரே பிரான்சின்ர இல்லை. 19ஆம் நூற்றாண்டில பிலொக்சரா பூச்சி வேரைத் திண்டு அழிச்ச பிறகு, அமெரிக்க அடிக்கட்டையிலதான் ஒட்டுறாங்கள். கட்டை மாறினா வேரைச் சுத்தி இருக்கிற நுண்ணங்கிகளும் மாறும்.

மண்ணின்ர உயிருள்ள பக்கம்தான் எனக்குப் பிடிச்சது. வேரோட கூடி வாழுற பூஞ்சணம், வேர் எட்டாத இடுக்கெல்லாம் நூல் விட்டுப் பொசுபரசைக் கொண்டுவந்து குடுக்கும், பதிலுக்குக் கொடியிட்ட சீனி வாங்கும். நியூயோர்க்குக்குப் பக்கத்தில லோங் ஐலண்டில மெர்லோ எண்ட இன முந்திரிகைக் கொடிகளைச் சோதிச்சு 2015இல ஒரு ஆய்வு வந்தது. இலை, பூ, பழம் மூண்டிலயும் இருந்த பக்றீரியாக்களில கனக்க மண்ணிலயும் இருந்ததுகள். மண்தான் களஞ்சியம் எண்டு எழுதினாங்கள். அதே வருசம் நியூசிலாந்துக்காரர் இன்னும் வடிவான வேலை ஒண்டு செய்தாங்கள். ஆறு பிரதேசத்து மதுவங்களை (சாற்றைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட்) எடுத்து, கிருமி நீக்கின ஒரே சோவின்யோன் பிளாங்க் இன முந்திரிகைச் சாற்றில விட்டுப் புளிக்க வைச்சாங்கள். சாறு ஒண்டுதான், ஆனா வைனின்ர இரசாயனம் மதுவம் வந்த ஊருக்கு ஏற்றபடி வேறுபட்டுது.

எங்களுக்கு இது புதுசே? ஒரே பனை, ஒரே பாளை. முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசினாக் கருப்பநீர், பூசாட்டிக் கள்ளு. ஆரும் பக்கற்றில மதுவம் வாங்கிப் போடுறேல்லை. வைன்காரர் கனபேர் போடுறாங்கள், போட்டுட்டு ஊர் மண்ணைப் பற்றிக் கதைக்கிறதுதான் எனக்குச் சிரிப்பு.

இன்னொரு வில்லங்கம் செம்பு. நாங்கள் யாழ்ப்பாணத்தில முந்திரிகைக்கு அடிச்ச அதே போர்டோக் கலவை, அதுதான் பூஞ்சண நோய்க்கு அடிக்கிற செம்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் கலந்த மருந்து, 1880களில பிரான்சின்ர போர்தோத் தோட்டங்களிலதான் பிறந்தது. செம்பு கழுவுப்பட்டுப் போகாது, மேல்மண்ணில தங்கிக்கொண்டே வரும். கூடினா மண்புழுவுக்கும் வேர்ப்பூஞ்சணத்துக்கும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 தொடக்கம், 7 வருசத்துக்கு ஹெக்டேயருக்கு 28 கிலோவுக்கு மேல வேண்டாமெண்டு கட்டுப்படுத்தியிருக்கு. "எல்லாம் மண்" எண்டு சொல்லுற முதலாளி வருசத்துக்கு எவ்வளவு அடிக்கிறார் எண்டும் கேள்.

வரிசைக்கு இடையில வெறுமையா உழுது விட்டிருக்கோ, ஏதும் முளைக்க விட்டிருக்கோ? அவரைக் குடும்பத்துச் செடி நிண்டா ஒண்டைப் பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால நசுக்கிப் பார். குச்சவெளியில கச்சான் பிடுங்கேக்க பார்த்திருப்பாய். உள்ளுக்க இளஞ்சிவப்பா இருந்தா நைதரசன் பிடிக்குது, பச்சையாயோ சாம்பலாயோ கிடந்தா வேலை இல்லை. படம் எடுத்து அனுப்பு. போத்தல் அனுப்புறது உன்ர விருப்பம்.

இப்படிக்கு,
உன்ர பழைய வகுப்புக் கூட்டாளி