பிரசவ அறையில் ஒரு கதிரைக்கு இடம் கேட்டு

வடமாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும் வன்னி மாவட்ட வைத்தியசாலைகளின் மகப்பேற்று வைத்திய நிபுணர்களுக்கும்,

வணக்கம்.

பிள்ளை பெறும் பெண்ணின் அருகில் அவள் விரும்பும் பெண் ஒருவர் இருப்பதற்கு எங்கள் வைத்தியசாலைகளின் பிரசவ அறைகள் எல்லாவற்றிலும் அனுமதி வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

1997இல், இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் ஓலைக்கொட்டிலில் இருந்தபோது, ஜாம்போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் என் மகளைப் பெற்றேன். மருத்துவிச்சி ஆச்சி முன்னால் இருந்தார். அம்மா பின்னால் இருந்து என்னைத் தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருந்தார். அந்தக் காலத்தைப் போற்றிப் பாட நான் வரவில்லை. கொப்பூழ்க்கொடியை அழுக்குக் கத்தியால் அறுத்ததால் ஏற்புவலி கண்டு இறந்த குழந்தைகளையும், இரத்தப்போக்கு நிற்காமல் மாட்டுவண்டிலிலேயே கண்மூடிய தாய்மாரையும் ஆச்சியே எனக்குச் சொல்லியிருக்கிறார். 1930களில் இந்நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000ஐத் தாண்டியிருந்த தாய்மார் மரணம் இன்று நூற்றுக்கும் வெகு கீழே இறங்கியிருக்கிறது என்றால், அதில் வீடு வீடாக வந்த குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் உங்கள் வைத்தியசாலைகளுக்கும் பெரும் பங்குண்டு.

அதே மகள் சென்ற ஆண்டு தலைப்பிள்ளைக்காக வைத்தியசாலைக்குச் சென்றபோது, நான் இரவு முழுவதும் வெளியே வாங்கில் இருந்தேன். உள்ளே நோவிலிருந்த பெண்கள் ஐவர், தாதியர் இருவர். கடமையிலிருந்த வைத்தியருக்குத் தமிழ் தெரியாது; அவளுக்குச் சிங்களம் தெரியாது. ஒருவரும் அவளுக்குக் குறை வைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால், "தனியச் செத்துப்போவன் எண்டு நினைச்சன் அம்மா" என்று பின்னர் அவள் சொன்னதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

வீட்டுக்கு வந்தபின் தாய்க்குக் குறையில்லை. காயச்சரக்கு, வேதுக்குளிப்பு, பத்தியக்கறி என்று 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை ஊரே தாங்கும். சீனப் பெண்களும் ஒரு மாதம் வீட்டோடு இருந்து சூடான உணவு உண்கிறார்கள். மெக்சிக்கோவில் அது 40 நாள். பெறுகிற அந்த இரவில்தான் எங்கள் பெண் தனித்துப்போகிறாள்.

பெரு நாட்டின் அயக்கூச்சோ மலைப்புறத்தில் கெச்சுவா மொழி பேசும் பெண்கள் சுகாதார நிலையத்தை அண்டாமல் வீட்டிலேயே பெற்றுவந்தார்கள். 1999இல் அங்கு ஒரு பகுதியில் நூற்றுக்கு 6 பிறப்புகளே சுகாதார நிலையத்தில் நிகழ்ந்தன. குடும்பத்தவரையும் ஊர் மருத்துவிச்சியையும் உள்ளே விட்டு, அவர்கள் மொழியிலேயே பேசி, நிமிர்ந்த நிலையில் பெறுவதற்குக் கயிறும் வாங்கும் வைத்தபின் 2007இல் அது 83 ஆயிற்று. எங்கள் பெண்கள் அழைக்காமலே உங்களிடம் வருகிறார்கள். அந்தச் சிரமம்கூட உங்களுக்கு இல்லை. பிரேசில் 2005இல் பிரசவத் துணையைச் சட்ட உரிமையாக்கியது. உலக சுகாதார நிறுவனமும் 2018இல் அதைப் பரிந்துரைத்தது. 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடர்ந்து துணை இருந்த பெண்களுக்கு நோவு நேரம் குறைந்ததும் சத்திரசிகிச்சை குறைந்ததும் தெரியவந்தன.

இடநெருக்கடி, தொற்று, மற்றப் பெண்களின் அந்தரங்கம் என்று நீங்கள் சொல்லக்கூடிய காரணங்களை நான் அறிவேன். ஒரே கூடத்தில் பலர் கிடப்பதால்தான் கணவரைக் கேட்காமல் பெண் ஒருவரைக் கேட்கிறேன். எட்டாம் மாதக் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் அந்தத் துணையையும் அழைத்து, எங்கே நிற்பது, எதைத் தொடக்கூடாது, எப்போது வெளியேறுவது என்று சொல்லிக்கொடுக்கலாம். கட்டில்களுக்கு இடையே திரைச்சீலை இல்லையென்றால், அளவைத் தாருங்கள். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் தையல் இயந்திரம் நான்கு உண்டு, தைத்துத் தருகிறோம்.

இங்ஙனம்,
துணுக்காய்ப் பிரதேசத்துத் தாய் ஒருத்தி